ஒரு பஸ்ஸுக்கு ஏழு அலுவலகங்கள்

இருபது புதிய பஸ் வேண்டும் என்று கேட்ட கோப்பு என் மேசைக்கு வந்தபோது நான் மாநகராட்சியின் நிதிப் பிரிவில் இருந்தேன். பஸ்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தினமும் அதில் நசுங்கி வேலைக்கு வருவது மட்டும்தான். கோப்பில் காரணம் ஒரே வரியில் இருந்தது: “14-ஆம் தடத்தில் நெரிசல் அதிகம், இடைவெளி கூடுதல், எனவே கூடுதல் பேருந்துகள் தேவை.” எனக்கு முன்னால் மூன்று பேர் “பரிசீலிக்கலாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான்காவதாக நானும் போட்டுவிட்டு அடுத்த கோப்புக்குப் போயிருக்கலாம்.

அன்று காலைதான் அதே 14-க்காக அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, கடைசியில் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றாக மூன்று பஸ் வந்ததைப் பார்த்திருந்தேன். அந்த எரிச்சலில் கோப்பில் எழுதினேன்: “ஏற்கெனவே உள்ள பஸ்கள் ஏன் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன என்று தெரிந்த பிறகு இதைப் பார்க்கலாம்.” பத்து நாளில் பதில் வந்தது. “தாங்களே ஆராய்ந்து அறிக்கை தரவும்.” அரசாங்க அலுவலகத்தில் கேள்வி கேட்டால் கிடைக்கும் தண்டனை அதுதான்.

சரி என்று ஒரு நோட்டையும் ஸ்டாப்வாட்ச்சையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். முதல் இரண்டு நாளும் பஸ்ஸின் சக்கரம் எப்போது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று மட்டும் எழுதினேன். வேறு எதுவும் இல்லை. நடத்துநர் என்னைச் செக்கிங் என்று நினைத்து முதல் நடை முழுக்கச் சில்லறையைச் சரியாகக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

13 கிலோமீட்டர் தடம். காலை நெரிசலில் ஒரு நடைக்கு 71 நிமிடம் ஆனது. மணிக்கு 11 கிலோமீட்டர், அதாவது கொஞ்சம் அழுத்தி மிதித்தால் சைக்கிள் ஜெயித்துவிடும். அந்த 71-இல் 32 நிமிடம் சக்கரம் சுற்றவே இல்லை. சிக்னலில் 14 நிமிடம். நிறுத்தங்களில் ஆட்கள் ஏறி இறங்க 11. எல்லோரும் ஏறி முடித்த பிறகு, நிறுத்தத்திலிருந்து சாலைக்குத் திரும்ப யாரும் வழிவிடாமல் போனதில் 4. இடப்பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளைச் சுற்ற முடியாமல் நின்றது 3. நெரிசல்தான் காரணம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நோட்டுப்படி பார்த்தால், ஓடும்போது பஸ் ஓரளவு ஓடத்தான் செய்தது. நின்றதுதான் கணக்கைக் கெடுத்தது.

நான் கணக்குப் பிரிவு ஆள் என்பதால் அடுத்து வந்தது இயல்பாகவே கூட்டல் கழித்தல். போக வர இரண்டு நடை 142 நிமிடம், இரு முனையிலும் ஒன்பது ஒன்பது நிமிட ஓய்வு, மொத்தம் 160 நிமிடச் சுற்று. 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட வேண்டுமானால் 160-ஐ 10-ஆல் வகுக்க வேண்டும்: 16 பஸ். ஒரு நடையில் 10 நிமிடம் மிச்சப்படுத்தினால் சுற்று 140 ஆகிவிடும். அதே இடைவெளிக்கு 14 பஸ் போதும். அதாவது இந்த ஒரு தடத்திலேயே இரண்டு பஸ் சிக்னல்களிலும் நிறுத்தங்களிலும் ஒளிந்துகொண்டிருந்தன. அவற்றுக்குத் தேவையான ஓட்டுநர், நடத்துநர், டீசல், டயர் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த இரண்டையும் வெளியே எடுத்து அதே தடத்தில் விட்டால் இடைவெளி ஒன்பது நிமிடத்துக்கும் கீழே இறங்கும். புதிய பஸ் கேட்பதற்கு முன் எந்த ஊரும் செய்து பார்க்க வேண்டிய வகுத்தல் இது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் அந்தக் கோப்பின் எந்தப் பக்கத்திலும் அது இல்லை.

அறிக்கை எழுதினேன், பாராட்டினார்கள், “நடைமுறைப்படுத்தவும்” என்று என்னையே ஒரு சிறிய குழுவுக்கு மாற்றிவிட்டார்கள். பாடம் உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

பஸ் ஸ்டாண்டுக்கு முந்தைய சிக்னலில் 14 வலப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்துக்குப் பச்சை விழுவது மிகக் கொஞ்ச நேரம்தான். இரண்டு பஸ் திரும்புவதற்குள் சிவப்பு. மூன்றாவது பஸ் அடுத்த சுற்றுக்கு நிற்கும். ஒரு நடைக்கு மூன்று நான்கு நிமிடம் அந்த ஒரே இடத்தில் போனது. பச்சையைப் பத்து விநாடி நீட்டினால் போதும். பத்து விநாடி! அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு நான்கு மாதத்துக்கு மேல் ஆனது.

ஏனென்றால் பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. நடைபாதை எங்கள் பொறியியல் பிரிவுடையது. நிழற்குடையோ விளம்பர வருமானம் வருவதால் எங்கள் வருவாய்ப் பிரிவின் கையில். சிக்னல் போக்குவரத்துக் காவலிடம். தடத்துக்கான அனுமதி போக்குவரத்துத் துறையிடம். கட்டணத்தை முடிவு செய்வது மேலே உள்ள அரசு. ஒரு பஸ் ஓட ஏழு அலுவலகம். இதில் வேடிக்கை என்னவென்றால், பஸ் தாமதமானால் மக்களிடம் திட்டு வாங்குவது முதல் அலுவலகம் மட்டுமே. மற்ற ஆறு பேருக்கும் அது காதில்கூட விழாது. சிக்னலுக்குப் பொறுப்பான அதிகாரி நல்ல மனிதர், ஆனால் அவரிடம் மேலிடம் கேட்பது “எத்தனை வண்டி சந்திப்பைக் கடந்தது” என்று. அறுபது பேர் இருக்கும் பஸ்ஸும் ஒருவர் இருக்கும் காரும் அந்தக் கணக்கில் ஒவ்வொரு வண்டி. அவர் தன் கணக்குப்படி சரியாகத்தான் செய்தார்.

ஜூரிச் நகரத்தைப் பற்றி இந்தச் சமயத்தில்தான் படித்தேன். 1973-இல் அந்த ஊர்க்காரர்கள் நிலத்தடி ரயில் திட்டத்தை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். 1977-இல், இருக்கிற டிராமையும் பஸ்ஸையும் வேகப்படுத்த 20 கோடி பிராங்க் செலவிட ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் படமெடுத்துப் போட முடியாத வேலைகளுக்குப் போனது: டிராம் நெருங்கும்போது பச்சை விழுகிற சிக்னல், டிராமுக்கு என்று ஒதுக்கிய பாதை, தடையாக இருந்த நிறுத்துமிடங்களை அகற்றுவது. ரிப்பன் வெட்ட ஒன்றும் இல்லை. இன்றும் பொதுப் போக்குவரத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஊர்களில் அது ஒன்று. எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு மூத்த பொறியாளர், “அவங்க பணக்கார ஊரும்மா” என்றார். அவர் பாதி சரி. ஆனால் பத்து விநாடிப் பச்சைக்குப் பணம் எதற்கு?

நான்கு மாதக் கடிதப் போக்குவரத்தில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கடிதம் எழுதினால் கடிதம்தான் வரும். ஐந்தாவது மாதம் ஆணையர் ஒரு காரியம் செய்தார். ஏழு அலுவலகத்திலிருந்தும் உயரதிகாரிகளைக் கூப்பிடாமல், நேரடியாக வேலை செய்யும் ஆட்களைச் செவ்வாய்க்கிழமை தோறும் ஒரே அறையில் உட்கார வைத்தார். சிக்னல் பெட்டியைத் திறக்கிற எஸ்.ஐ., பெயிண்ட் கான்ட்ராக்டை மேற்பார்க்கிற இளநிலைப் பொறியாளர், டிப்போவின் நேரக்காப்பாளர், இப்படி. உயரதிகாரிகள் வந்தால் துறையின் மானத்தைக் காப்பாற்றுவார்கள். இவர்கள் வந்ததும் முதல் கேள்வியே “எந்தக் கம்பம் சார்?” என்பதுதான். மூன்றாவது செவ்வாய்க்கிழமைக்குள் அந்தப் பத்து விநாடி கிடைத்துவிட்டது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. கார்க்காரர்கள் யாரும் புகார் சொல்லவில்லை.

அடுத்து எடுத்தது பஸ் நிற்கிற குழிவு. பஸ் ஓரமாக ஒதுங்கி நிற்க நடைபாதையைக் குடைந்து அழகாகக் கட்டியிருப்போமே, அது. நானும் அது பயணிகளுக்கான வசதி என்றே நினைத்திருந்தேன். நோட்டு வேறு மாதிரி சொன்னது. குழிவு பின்னால் வருகிற கார்களுக்கு வசதி. பஸ்ஸுக்குப் பொறி. உள்ளே போனால் வெளியே வர யாராவது மனம் இரங்க வேண்டும். வண்டிகளும் அதில் வந்து நிற்கும், அதனால் பஸ் உள்ளே போகாமல் நடுச்சாலையில் நின்று, ஆட்கள் ஓடிப் போய் ஏறுவார்கள். நாங்கள் மூன்று இடத்தில் குழிவை மூடி நடைபாதையைச் சாலையின் விளிம்பு வரை நீட்டினோம். பஸ் தன் பாதையிலேயே நின்று, ஏற்றிக்கொண்டு, நேராகப் போனது. அந்த மூன்று இடத்திலும் வெளியே வரக் காத்திருந்த நேரம் சுத்தமாக இல்லாமல் போனது. பின்னால் நின்ற கார்க்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், அது உண்மை. வேகமாக வண்டி ஓடுகிற நெடுஞ்சாலையில் இதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் நகர்ந்து நகர்ந்து போகும் சாலைக்குத்தான் இது.

ஏறி இறங்குவதில் போன 11 நிமிடத்தில் பெரும்பகுதி ஒரே கதவில் எல்லோரும் முண்டுவதால். சான் பிரான்சிஸ்கோவில் 2012 ஜூலையிலிருந்து எல்லாக் கதவிலும் ஏறலாம் என்று விட்டார்கள், ஒவ்வொரு பயணிக்கும் ஆகும் நிறுத்த நேரம் நன்றாகக் குறைந்தது. பிரேசிலின் குரிடிபா நகரத்தில் 1991-லேயே கண்ணாடிக் குழாய் போன்ற நிலையங்களை வைத்து, உள்ளே நுழையும்போதே கட்டணத்தை வாங்கிக்கொண்டு, பஸ்ஸின் தளத்துக்குச் சமமான மேடையிலிருந்து ஏறச் செய்தார்கள். எங்களால் குழாய் கட்ட முடியவில்லை. கூட்டம் மிகுந்த ஐந்து நிறுத்தங்களில் காலை வேளையில் கீழே நின்று டிக்கெட் கொடுக்க ஒரு நடத்துநரைப் போட்டோம். ஒரு ஸ்டூல், ஒரு குடை, ஒரு டிக்கெட் கருவி. குரிடிபாவின் ஏழைச் சொந்தக்காரன். ஆனால் வேலை செய்தது.

இனி நான் செய்த தப்பு. 13 கிலோமீட்டரில் 34 நிறுத்தம் இருந்தது. சில இடங்களில் ஒன்றில் நின்று பார்த்தால் அடுத்தது தெரியும். ஏழை எடுத்துவிடலாம் என்று பட்டியல் போட்டேன். எப்படிப் போட்டேன்? காலை எட்டிலிருந்து பத்து வரை எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்று எண்ணி, குறைவாக இருந்தவற்றை. எண் சுத்தம். ஆணை போட்டாயிற்று, பலகையைக் கழற்றியாயிற்று.

எட்டாவது நாள் ஒரு பாட்டி அலுவலகத்துக்கு வந்தார். கையில் மருத்துவமனைச் சீட்டு. “ஏம்மா, நீதான் ஸ்டாப்பை எடுத்தவளா?” என்றார். ஆமாம் என்றேன். “வாரத்துக்கு மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணப் போறவளை நானூறு அடி கூட நடக்க வைக்கிறியே, நீ அந்தப் பக்கம் பதினோரு மணிக்கு வந்து பார்த்தியா?” நான் பதினோரு மணிக்குப் போகவில்லை. வெளிநோயாளிகள் வருவது அப்போதுதான். என் எண்ணிக்கையில் அவர் இல்லவே இல்லை. பத்தொன்பதாவது நாள் அந்தப் பலகை திரும்பப் போனது, கூடவே இன்னும் இரண்டு. கடைசியில் எடுத்தது நான்குதான். அதிலும் எதிர்பார்த்ததில் பாதி நேரமாவது மிச்சமானது. அப்புறம் எந்த நிறுத்தத்தைத் தொடுவதென்றாலும் முதலில் அங்கேயே ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ் ஒட்டி, மூன்று வெவ்வேறு வேளையில் போய் நின்று, நிற்கிறவர்களிடம் கேட்ட பிறகே கை வைத்தோம். யார் எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு. அவர்களால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பது வேறு கணக்கு. இரண்டாவதை எக்செல்லில் போட எனக்கு இன்னும் தெரியவில்லை.

மூன்று பஸ் ஒன்றாக வரும் மர்மத்தை எனக்கு அவிழ்த்தவர் ஒரு ஓட்டுநர். முதல் பஸ் கொஞ்சம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் வழக்கத்தைவிட அதிகம் பேர் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்றுவதில் இன்னும் தாமதம். பின்னால் வருபவனுக்கு ஆட்களே இல்லை, பறந்து வந்து ஒட்டிக்கொள்வான். இதை 1964-இலேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணிதமாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அவர்களிடம் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்:

“மேடம், லேட்டா வந்தா மெமோ. முன்னாடியே போனா யாராவது கேட்டாங்களா? கிளம்புற நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி எடுத்துட்டா கலெக்‌ஷனும் எனக்கு வராது, பிரச்சினையும் வராது. பின்னாடி வர்றவன்தான் எல்லாரையும் அள்ளிக்கிட்டு வரணும்.”

“அப்ப பின்னாடி வர்றவர், அண்ணே?”

“அவனுக்கு மெமோ.”

யோசித்துப் பாருங்கள். தாமதமான பஸ்ஸை நிறுத்தத்தில் நிற்பவர் பிடித்துவிடுவார், எரிச்சலோடாவது. முன்னால் போய்விட்ட பஸ்ஸை அவர் பார்க்கவே முடியாது. பயணிக்குச் சீக்கிரம் போன பஸ் என்பது ரத்தான பஸ். நாங்கள் தண்டனையைத் தலைகீழாக வைத்திருந்தோம்.

இன்னொரு கணக்கும் இங்கேதான் எனக்குப் புரிந்தது. 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால், கால் போன போக்கில் நிறுத்தத்துக்கு வரும் ஒருவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே பஸ்கள் 18 நிமிடம், 2 நிமிடம், 18, 2 என்று வந்தால்? மணிக்கு ஆறு பஸ் என்பது மாறவில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் அந்த 18 நிமிட இடைவெளிக்குள்தான் வந்து மாட்டுவார்கள், அதனால் சராசரிக் காத்திருப்பு 8 நிமிடத்தைத் தாண்டும். பதிவேட்டில் எல்லா நடையும் ஓடியிருக்கும். நூற்றுக்கு நூறு. நிறுத்தத்தில் நிற்பவர் மட்டும் சபித்துக்கொண்டிருப்பார். இரண்டும் உண்மை.

லண்டனில் மணிக்கு ஐந்து அல்லது அதற்கு மேல் பஸ் ஓடும் தடங்களில் அட்டவணை நேரத்தைப் பார்ப்பதில்லை. ஒழுங்காக வந்திருந்தால் பயணி எவ்வளவு காத்திருப்பார், நடைமுறையில் எவ்வளவு காத்திருந்தார், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று பார்க்கிறார்கள். 2001 முதல் வந்த ஒப்பந்தங்களில் தனியார் நிறுவனங்களுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகையும் பிடித்தமும் அதை வைத்துத்தான். எங்கள் நேரக்காப்பாளர்களிடம் அதையே எளிமையாக்கிக் கேட்டோம்: வந்த நேரத்தை எழுத வேண்டாம், முன் பஸ்ஸுக்கும் இதற்கும் எத்தனை நிமிடம் என்று மட்டும் எழுதுங்கள். தடத்தின் நடுவே இரண்டு இடத்தில், நெருங்கி வந்த பஸ்ஸை ஓரிரு நிமிடம் பிடித்து வைக்க அவர்களுக்கே அதிகாரம் கொடுத்தோம். உள்ளே இருக்கும் பயணிகள் கத்துவார்கள்தான். ஓட்டுநர் திரும்பி “முன்னாடி வண்டி இப்பதான் போச்சு, ரெண்டு நிமிஷம்” என்று சொன்னால் பாதிப் பேர் அடங்கிவிடுகிறார்கள். சொல்லாமல் நிறுத்தினால்தான் சண்டை.

தடங்களின் வரைபடம் தனிக்கதை. எங்கள் ஊரின் பஸ் வரைபடத்தை விரித்தால் நூல்கண்டு அவிழ்ந்து விழுந்த மாதிரி இருக்கும். காரணம் தேடிப் பழைய கோப்புகளைப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் ஒரு மனு, ஒரு மன்ற உறுப்பினர். “என் வார்டு மக்கள் இறங்கி ஏறாமல் நேராக ஸ்டாண்டுக்குப் போக வேண்டும்.” நியாயமான கோரிக்கைதான். நாற்பது வார்டும் அதையே கேட்டால், எல்லாத் தடமும் எல்லாத் தெருவையும் சுற்றி மையத்தில் வந்து குவியும். ஒவ்வொன்றும் அரை மணிக்கொரு தரம் மட்டும் வரும். நேராகப் போகும் பஸ் உண்டு, ஆனால் அது வருவதில்லை.

இதை உடைத்த ஊர்கள் உண்டு. ஹூஸ்டனில் 2015 ஆகஸ்ட் 16 அன்று உள்ளூர் பஸ் வலைப்பின்னல் முழுவதையும் ஒரே இரவில் மாற்றினார்கள். ஓட்டச் செலவைப் பெரிதாகக் கூட்டாமலேயே, அடிக்கடி ஓடும் தடங்களைப் பெருக்கி, வாரக் கடைசியிலும் அதேபோல ஓடச் செய்தார்கள். பார்சிலோனா 2012 முதல் 2018 வரை படிப்படியாக 28 தடங்கள் கொண்ட கட்டத்தை வரைந்தது, பெரும்பாலானவை கிடையாகவும் நெடுக்காகவும் நேராக ஓடும், ஓரிடத்தில் மாறி ஏறினால் ஊரின் எந்தப் பக்கமும் போகலாம். சியோலில் 2004 ஜூலை 1 அன்று நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பஸ்களை வகை பிரித்து, மாறி ஏறினாலும் மொத்த தூரத்துக்கு ஒரே கட்டணம் என்று ஆக்கினார்கள். தனியார் முதலாளிகளுக்குப் பயணி எண்ணிக்கைக்குப் பதில் ஓட்டிய கிலோமீட்டருக்குப் பணம் என்றும் மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஆட்களுக்காக ஒருவரையொருவர் முந்தத் தேவையில்லை. அந்த முதல் சில நாளில் கட்டண அட்டைக் கருவிகள் பழுதாகி, பயணிகள் குழம்பி, மேயர் மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு ஆனது. பிறகு அதே திட்டத்தைப் பார்க்கவே மற்ற நாட்டினர் வரத் தொடங்கினார்கள்.

நாங்கள் சியோலின் பின்பாதியை மறந்துவிட்டு முன்பாதியை மட்டும் எடுத்தோம். இரண்டு வளைந்த தடங்களை வெட்டி நேராக்கி, “சந்திப்பில் மாறி ஏறுங்கள்” என்றோம். மாறி ஏறினால் இன்னொரு டிக்கெட். கட்டணம் ஏழாவது அலுவலகத்தின் கையில், அங்கே எங்கள் செவ்வாய்க்கிழமை எட்டவில்லை. மாற வேண்டிய சந்திப்பில் நிழலும் இல்லை, இரவில் விளக்கும் இல்லை. பயணிகளுக்கு நாங்கள் சொன்னது இதுதான்: இறங்குங்கள், வெயிலில் நில்லுங்கள், இன்னொரு முறை பணம் கொடுங்கள், நன்றி. இரண்டு மாதத்தில் ஒரு தடம் பழையபடி வளைந்துவிட்டது. இதற்காக மன்ற உறுப்பினரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டது சரி. மாறி ஏறச் சொல்வதென்றால் ஒரே கட்டணம், பத்து நிமிடத்துக்குள் அடுத்த பஸ், நிற்க நல்ல இடம், மூன்றும் முதல் நாளே இருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் தொடக் கூடாது.

ஆணையர் மாற்றலாகிப் போனார். புதியவர் வந்தார், அவருக்குக் குடிநீர்தான் முக்கியம், அதையும் தப்பென்று சொல்ல முடியாது. இரண்டு செவ்வாய்க்கிழமை கூட்டம் தள்ளிப்போடப்பட்டது. மூன்றாவது வாரம் எஸ்.ஐ.க்குப் பதில் யாரோ வந்தார். ஆறாவது வாரம் நானும் நேரக்காப்பாளரும் மட்டும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். சாலையில் வேறேதோ வேலைக்காகச் சிக்னலை மாற்றியபோது எங்கள் பத்து விநாடி பழைய கணக்குக்குத் திரும்பிப் போனது. வேண்டுமென்றே யாரும் செய்யவில்லை. அது எங்கள் விநாடி என்று எந்தக் காகிதத்திலும் இல்லை, அவ்வளவுதான்.

உள்ளாட்சிச் சீர்திருத்தம் என்ற சொல் அதுவரை எனக்குக் கருத்தரங்கச் சொல். அன்றைக்குத்தான் அதன் எடை தெரிந்தது. நல்லெண்ணத்தில் ஓடும் குழு, அந்த நல்லெண்ணம் மாற்றலாகும் நாள் வரை ஓடும். ஹாம்பர்க் 1965-இலேயே தன் ரயில், பஸ், படகு நிறுவனங்களைக் கலைக்காமல் ஒரே கூட்டமைப்பில் சேர்த்து, ஒரே கட்டணம் ஒரே அட்டவணை என்று ஒப்பந்தமாக எழுதிக்கொண்டது. நிறுவனங்கள் தனித்தனியாகத்தான் இருந்தன, பயணிக்கு மட்டும் அது தெரியாது. லண்டனில் 1986-இல் நகரம் முழுவதற்குமான சபையைக் கலைத்துவிட்டு 14 வருடம் அப்படியே விட்டிருந்தார்கள். 2000-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும், பஸ், முக்கியச் சாலைகள், சிக்னல்கள் எல்லாவற்றையும் பார்க்கும் ஒரே போக்குவரத்து அமைப்பும் வந்தன. அடுத்த மூன்றாண்டுக்குள், 2003 பிப்ரவரியில், நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் போட்டு, நிகர வருமானத்தைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே வைத்திருந்தார்கள். பஸ்களைப் பெருக்கியதும் அதே கைதான். சாலையை ஒருவர், பஸ்ஸை ஒருவர் வைத்திருந்தால் அது நடந்திருக்காது.

எங்களுக்கு அவ்வளவு பெரிய சட்டம் வாய்க்கவில்லை. மன்றத்தில் ஒரு தீர்மானத்துக்காக எட்டு மாதம் அலைந்தோம். கடைசியில் கிடைத்தது இரண்டு பக்கம். 14 உட்பட ஆறு தடங்களைப் பெயர் குறிப்பிட்டு, அந்தச் சாலைகளில் சிக்னல் நேரம், நிறுத்தம், வண்டி நிறுத்தும் இடம் எதை மாற்றினாலும் போக்குவரத்துக் குழுவின் கையெழுத்து வேண்டும் என்று ஒரு பிரிவு. அந்தச் சாலைகளில் வசூலாகும் நிறுத்தக் கட்டணம் தனிக் கணக்கில் போய் அதே தடங்களின் நிறுத்தங்களுக்குச் செலவாக வேண்டும் என்று இன்னொரு பிரிவு. இரண்டாவது பிரிவை நான்தான் எழுதினேன், நிதிப் பிரிவில் இருந்ததற்கு அது ஒன்றாவது உதவியது. பொது நிதியில் விழுந்த பணத்தை மறுபடி பஸ்ஸுக்குக் கொண்டு வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், பல வருடம் தடுத்தவளே நான்தானே. பஸ் ஓரமாகப் போகும் பாதையில் வண்டி நிறுத்தத் தடை கொண்டுவந்தபோது கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். ஸ்டாக்ஹோம் 2006-இல் நெரிசல் கட்டணத்தை ஏழு மாதம் சோதனையாக விட்டு, நிறுத்தி, பிறகு வாக்கெடுப்பு நடத்தியது. தொடங்கும் முன் பெரும்பான்மையோர் எதிர்த்த திட்டம் அந்த வாக்கெடுப்பில் நகரத்துக்குள் ஜெயித்தது. அந்தத் தைரியத்தில் நானும் “மூன்று மாதம் பார்ப்போம், பிடிக்காவிட்டால் பலகையை நானே கழற்றுகிறேன்” என்று கடைக்காரர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து இரண்டு தெருவில் தடை நீடித்தது. ஒரு தெருவில் கழற்றினேன். வாக்குக் கொடுத்தால் கழற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சோதனைக்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

பத்து விநாடி திரும்பி வந்தது. இந்த முறை பெட்டியின் உள்பக்கம் தீர்மான எண்ணைப் பெயிண்டால் எழுதி வைக்கச் சொன்னேன். எஸ்.ஐ. சிரித்தார், ஆனால் எழுதினார்.

இப்போது 14-இல் காலை நடை 60, 62 நிமிடம் ஆகிறது. மழை நாளில் இன்னும் 70. மூன்று பஸ் ஒட்டி வருவது நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது. மாறி ஏறினால் ஒரே கட்டணம் என்ற எங்கள் கடிதத்துக்கு ஏழாவது அலுவலகத்திலிருந்து “பரிசீலனையில் உள்ளது” என்று இரண்டு பதில் வந்திருக்கிறது, இரண்டும் ஒரே வாசகம். இருபது பஸ் கேட்ட கோப்பில் கடைசியில் ஒன்பதுக்குப் பரிந்துரை எழுதினேன். ஆறு வந்தன. நான்கை 14-க்குப் போடாமல் மருத்துவமனை வழியாகப் போகும் தடத்தில் பதினோரு மணி நடைகளுக்கு விட்டோம். பாட்டியை ஒருநாள் அதில் பார்த்தேன். ஸ்டாப்பைத் திரும்ப வைத்தது போதாது, அங்கே உட்கார ஒரு பெஞ்சு போடச் சொல் என்றார். நிழற்குடை வருவாய்ப் பிரிவின் கையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.